சளி பிடித்த சீமை எலியும் ஒரு கம்பவுண்டர் மாமனும்

மாப்ளே, உன் வீட்டுச் சீமை எலிக்கு, அதான் அந்தக் கினி பிக்குக்குச் சளி பிடிச்சிருக்குன்னு நீ போன்ல சொன்னப்ப நான் டீக்கடையில உக்காந்திருந்தேன். காது மந்தமாச்சே, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேட்டேன். அதனால ஸ்ரீவில்லிபுத்தூர்ல உன் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே ராஜபாளையத்துல பாதிப் பேருக்குச் சங்கதி தெரிஞ்சு போச்சு. இந்த ஊர்தான் உனக்குத் தெரியுமே. நாய் வளர்க்கிறவன் ஒவ்வொருத்தனும் பாதி டாக்டர்; ரெண்டு நாய் வளர்க்கிறவன் முழு டாக்டர்.

நீ போனை வச்சதுதான் தாமதம், வைத்தியம் ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தன் சொன்னான், வீட்டுல மிச்சம் கிடக்குமே அமாக்சிசிலின் கேப்ஸ்யூல், அதைப் பிரிச்சுக் கால்வாசிப் பொடியைத் தண்ணியில கலக்கி ஊத்தச் சொல்லுங்கன்னு. இன்னொருத்தன், ஒரு நாள் வயித்தைக் காயப்போட்டாலே சளி தன்னால இறங்கும், லங்கணம் பரம ஔஷதம்னான். மூணாமத்தவன் கூண்டுக்குக் கீழே சாம்பிராணி போடச் சொன்னான். நாலாமத்தவனுக்கு உங்க ஊர்லதான் பெண் எடுத்திருக்கு. பால்கோவால ஒரு நுள்ளு மிளகுப் பொடி வச்சுக் குடுத்தா எந்தச் சளியும் ஓடிரும்னு சத்தியம் பண்ணினான்.

எல்லாமே அருமையான யோசனைக, மாப்ளே. எலியைச் சீக்கிரமா அனுப்பி வைக்கணும்னு உனக்கு எண்ணம் இருந்தா இதுல எதை வேணும்னாலும் செய்யலாம். நாலையும் சேர்த்துச் செஞ்சா இன்னும் விசேஷம், சாயங்காலமே ஜோலி முடிஞ்சிரும்.

முதல்ல அந்தக் கேப்ஸ்யூலை எடுத்துக்கோ. நமக்கு அது மருந்து. என் நாய்க்கும் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காக, கம்பீரமா முழுங்கிட்டு வாலை ஆட்டுச்சு. ஆனா உன் சீமை எலியோட குடல் வேற சாதி. அதுக்குள்ள குடியிருந்து புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிக இருக்கு பாரு, பென்சிலின் குடும்பத்து மருந்து உள்ளே போனா அதுகதான் முதல்ல சாகும். அந்த இடத்துல கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்னு ஒரு கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். வயிறு பிச்சுக்கிட்டுப் போகும், உடம்பு சில்லிடும், ரெண்டு மூணு நாள்ல கூண்டைக் கழுவிக் கவுத்து வச்சிரலாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், வாயால குடுக்கிற எரித்ரோமைசின் எல்லாம் இந்தக் கணக்குல வர்றதுதான். நம்ம வீட்டு அலமாரியில மிச்சம் கிடக்கிற மாத்திரையில பாதி இதுகளாத்தான் இருக்கும், அதுதான் வினை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1940ஆம் வருசம் மே 25ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டுல ஃப்ளோரியும் அவரோட ஆளுகளும் எட்டுச் சுண்டெலிக்குக் கொல்ற கிருமியை ஊசியில ஏத்திட்டு, நாலுக்கு மட்டும் பென்சிலின் போட்டாக. போடாத நாலும் விடியறதுக்குள்ள செத்துப்போச்சு, மருந்து போட்ட நாலும் விடிஞ்சப்பவும் உயிரோட இருந்துச்சு. உலகமே அந்த நாலு சுண்டெலிக்குக் கடன்பட்டிருக்கு. மூணு வருசம் கழிச்சு, 1943ல, வேற ஆளுக கினி பிக்குக்கு அதே பென்சிலினைப் போட்டுப் பார்த்தா அதுக பாட்டுக்குச் செத்து விழுது. ஆக்ஸ்ஃபோர்டுக்காரன் கையில அன்னைக்குச் சுண்டெலிக்குப் பதிலா உன் செல்லம் அகப்பட்டிருந்தா, இது மருந்தில்ல விஷம்னு சொல்லிச் சாக்கடையில ஊத்திட்டுப் போயிருப்பான். உங்க தாத்தாவுக்குக் கால்ல சீழ் வச்சப்ப ஊசி கிடைச்சிருக்காது, உங்கம்மா பிறந்திருக்க மாட்டா, நீயும் எனக்கு போன் பண்ணித் தொந்தரவு குடுத்திருக்க மாட்டே.

அடுத்து அந்தப் பட்டினி வைத்தியம். நாய்க்கு அது செல்லும். நாய் ஒரு நாள் தின்னாம கிடந்தா நானே பேசாம விட்டுருவேன், மறுநாள் அது தட்டைத் தூக்கிட்டு வரும். சீமை எலி அப்படி இல்ல. அதுக்கு நாள் பூரா வாயும் குடலும் ஓடிக்கிட்டே இருக்கணும். பாதி நாள் தின்னாம இருந்தா குடல் அசைவு மந்தமாகும், காத்து கட்டும். காத்து கட்டினா வலியில மறுபடியும் தின்னாது. வாந்தி எடுத்து லேசாக்கிக்கவும் அதுக்கு வராது, உடம்பு அமைப்பே அப்படி. ஒரு நாள் தாண்டிருச்சுன்னா ஈரல்ல கொழுப்பு ஏறும். அப்புறம் சளியில சாகாது, பசியிலதான் சாகும். நீ என்னமோ சளியைத்தான் பெருசாப் பேசினே. என்ன தின்னுச்சுன்னு நான் கேட்டதுக்கு, "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல மாமா, ஆனா தும்மல் குறைஞ்சிருக்கு"ன்னு சந்தோசமாச் சொன்னே. அதைக் கேட்டுத்தான் எனக்கு டீ இறங்கல.

சாம்பிராணியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். மூச்சு வாங்குற உயிருக்குப் புகை போடச் சொன்னவன் மில்லுல முப்பது வருசம் பஞ்சுத் தூசியைச் சுவாசிச்சவன். அவனுக்கு எல்லாரோட நுரையீரலும் தன் நுரையீரல்னு நினைப்பு. தைலம் தடவுறதும் அதே ரகம்தான். மூக்கு எரிஞ்சு, தடவின இடத்தை நக்கி, அது வேற வயித்துக்குள்ள போகும்.

பால்கோவா விசயத்துல உங்க ஊர் கௌரவத்துல நான் கை வைக்கல. 2019லயே புவிசார் குறியீடு வாங்கின பண்டம், வாழட்டும். ஆனா பாலும் சீனியும் சீமை எலிக் குடலுக்கு ஆகாது. வேணும்னா பால்கோவா கடைத் தராசை மட்டும் கடன் வாங்கிக்கோ. அது எதுக்குன்னு பின்னால சொல்றேன்.

சரி, கிண்டல் போதும்னு உங்கம்மா சொல்லுவா. அவ பேச்சுக்காக நான் கொஞ்சம் ஒழுங்காப் பேசுறேன்.

நான் ஏன் நேர்ல வரலன்னு கோவிச்சுக்கிட்டியாம். பஸ்ல ஏறினா அரைமணி நேரம், வரத் தெரியாதா எனக்கு? வராததுக்குக் காரணம் என் நாய். போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகான்னு ஒரு கிருமி இருக்கு, பேரை நீ சொல்லிப் பார்க்க வேண்டாம், பல்லு வலிக்கும். நாய்க்கு அது வந்தா வறட்டு இருமல் இருமும். பல நாய்க்கு அதுவும் கிடையாது, மூக்குத் தொண்டையில கிருமியை வச்சுக்கிட்டே ஜம்முன்னு திரியும். அதே கிருமி கினி பிக்குக்குப் போனா நிமோனியா. முயல் வச்சிருந்தாலும் இதே ஆபத்துதான். நம்ம ராஜபாளையம் நாய், 2005 ஜனவரி 9ல தபால்தலையிலயே படம் போட்ட சாதி, வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமா நிக்கிற அழகுக்கு ஊரே கும்பிடும். அந்த ரோஸ் மூக்குக்குள்ள என்ன இருக்குன்னு எவனும் பாத்ததில்ல. போன வாரம் நீ இங்க வந்து என் நாயைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டு, அதே சட்டையோட வீட்டுக்குப் போய்க் கூண்டைத் திறந்தே. அதுதான் காரணம்னு நான் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சொல்ல மாட்டேன். உன் மகள் பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டு வந்த சளியாவும் இருக்கலாம். நிமோகாக்கஸ்னு மனுசன் தொண்டையில இருக்கிற கிருமியும் அதுக்கு ஆகாது. கடையில வாங்கும்போதே கூட்டத்துல ஒட்டிக்கிட்டு வந்ததாவும் இருக்கலாம். எதுவானாலும் இனிமே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு அப்புறம் கூண்டைத் தொடு. எனக்கு முத்தம் குடுக்கிற பழக்கம் உனக்கு இல்ல, அதனால என்னால ஆபத்தில்ல.

இப்ப அதைக் கையில எடுத்துப் பாரு. மூக்கோரம் காஞ்ச சளி ஒட்டியிருக்கா, கண்ணோரம் பீளை கட்டியிருக்கா. முன்னங்கால் ரெண்டோட உள்பக்கத்தையும் பாரு. மூக்கைத் துடைச்சுத் துடைச்சு அங்க மயிர் சடையாகி இருக்கும். உடம்பைக் குறுக்கி, மயிரைச் சிலிர்த்துக்கிட்டு மூலையில உக்காந்திருந்தா நோய் நேத்து வந்ததில்ல. இந்தச் சாதி நோயைச் சொல்லாது மாப்ளே. காட்டுல கழுகுக்கும் நரிக்கும் இரையான வம்சம். நோஞ்சான்னு காட்டிக்கிட்டா முதல்ல அதைத்தான் தூக்கும். அதனால கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். என் நாய்க்குக் கால்ல முள்ளு குத்தினா தெருவையே கூட்டிரும். உன் எலிக்கு நுரையீரலே பழுத்தாலும் ஒரு முனகல் கிடையாது. இது நம்ம சொந்தத்துல யாரை ஞாபகப்படுத்துதுன்னு நான் சொல்ல மாட்டேன், உங்கம்மா பக்கத்துல இருப்பா.

அதுக்குத்தான் தராசு. தினம் காலையில ஒரே நேரத்துல நிறுத்துக் குறிச்சு வை. வளர்ந்தது முக்காக் கிலோல இருந்து ஒரு கிலோ, அதுக்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கும். வழக்கமான எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சா அது அவசரம், ராத்திரின்னு பாக்காதே. அடுத்தது புழுக்கை. நல்லா இருக்கிற சீமை எலி ஒரு நாளைக்கு நூறுக்கு மேல போடும், உருளையா நீளமா ஒரே அளவுல. சிறுத்துக் காஞ்சு போனா தின்னலைன்னு அர்த்தம். ஒண்ணுமே இல்லைன்னா குடல் நின்னுருச்சு. இதை உன் மகள்கிட்டச் சொல்லு, அவ எண்ணட்டும். கணக்குல நீ எடுத்த மார்க்கு எனக்கு ஞாபகம் இருக்கு. இடையில அதுவே குனிஞ்சு தன் புழுக்கையை வாயில எடுத்துத் தின்னும். பதறாதே, அடிக்காதே. ஒரு தடவை செரிச்சதுல மிச்சம் இருக்கிற சத்தை ரெண்டாந் தடவை எடுக்குது. உங்க வீட்டுல முந்தாநாள் குழம்பைச் சுட வைக்கிறீகளே, நான் ஏதாவது சொன்னேனா?

டாக்டர்கிட்ட எப்பப் போறே? "மாட்டாஸ்பத்திரிக்கு எலியைத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாக"ன்னு சொன்னியாமே. சிரிக்கட்டும். நான் கம்பவுண்டரா இருந்த காலத்துல கோழியை மஞ்சப்பையில போட்டுத் தூக்கிட்டு வந்தவனையும் பாத்திருக்கேன், ஆட்டுக்குட்டியைத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்தவளையும் பாத்திருக்கேன். உங்க ஊர் அணிலுக்கே 1988ல சரணாலயம் வச்ச ஊரு. செண்பகத்தோப்பு மரத்துல தாவுற சாம்பல் அணிலுக்குக் கவர்மெண்டு காவல் போட்டிருக்கிறப்ப, அதோட தூரத்துப் பங்காளிக்கு ஒரு ஓ.பி. சீட்டுப் போடுறதுல என்ன வெக்கம்? போனதும் டாக்டர்கிட்டப் பவ்வியமாச் சொல்லு: "எடை இவ்வளவு சார், இத்தனை மணி நேரமாத் தின்னல, வீட்டுல நாங்களா மருந்து எதுவும் குடுக்கல, இதுக்குப் பென்சிலின் சாதி ஆகாதுன்னு கேள்விப்பட்டோம்." டாக்டருக்குப் பாடம் நடத்துற மாதிரி இருக்கக் கூடாது, சந்தேகம் கேக்குற மாதிரி இருக்கணும், அந்த வித்தை உன் பொண்டாட்டிக்கு நல்லா வரும், அவளை அனுப்பு. மாடு, ஆடு, கோழின்னு நாள் பூராப் பாக்கிறவுக, சீமை எலியை வருசத்துல ஒண்ணு பாத்தாலே அதிகம். "எனக்கு இது அவ்வளவு பழக்கமில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ"ன்னு அவுக சொன்னா அவுகதான் நல்ல டாக்டர்னு தெரிஞ்சுக்கோ. சங்கரன்கோவில் வழியாத் திருநெல்வேலி போனா ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. வெயிலுக்கு முன்னாடி, விடியக்கால பஸ்ஸைப் பிடி. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துண்டு, கைப்பிடிப் புல்லு, ஒரு துண்டு வெள்ளரிக்காய். மடியில வச்சுக்கோ, டிரைவர் பக்கத்துல எஞ்சின் சூட்டுல வைக்காதே.

இதுக்குச் சாதாரணமா எழுதுற மருந்து என்ரோஃப்ளாக்சசின், இல்லைன்னா ட்ரைமெத்தோப்ரிமும் சல்பாவும் கலந்தது. பேரைத் தெரிஞ்சு வச்சுக்கோ. அளவை நான் சொல்ல மாட்டேன், எடையைப் பாத்து டாக்டர்தான் சொல்லணும். நீ மெடிக்கல் ஷாப்புல "எலிக்கு"ன்னு கேட்டா எலி விசத்தைத்தான் எடுத்து வைப்பான். எலியைத் துண்டுல சுத்திப் பிடிச்சு, மருந்தை ஒரு மில்லி சிரிஞ்சுல, முன்பல்லுக்குப் பக்கவாட்டுல இருக்கிற இடைவெளி வழியாச் சொட்டுச் சொட்டா விடு. வீரத்தைக் காட்டி ஒரே பீச்சாப் பீச்சினா நேரா நுரையீரலுக்குப் போயிரும். மூணாம் நாள் அது கீச்சுக் கீச்சுன்னு கத்தினதும் "குணமாயிருச்சு மாமா"ன்னு மருந்தை நிறுத்தாதே. டாக்டர் எத்தனை நாள் சொன்னாகளோ அத்தனை நாளும் குடு.

இந்த இடத்துல ஒரு பழைய சங்கதி சொல்லணும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882ல ஊருக்குக் காட்டினதே கினி பிக்கு உடம்புல அதை ஏத்தி நிரூபிச்சுத்தான். நம்ம மெட்ராஸ்ல, சேத்துப்பட்டுல, 1956ல காசநோய்க்கு ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாக. அதுலயும் இதே சீமை எலிதான். மிச்சிசன்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவுகளும் நம்ம ஊர் நோயாளிகிட்ட எடுத்த கிருமியையும் இங்கிலாந்து நோயாளிகிட்ட எடுத்த கிருமியையும் கினி பிக்குக்குப் போட்டுப் பார்த்து, நம்ம கிருமிக்கு வீரியம் குறைச்சல்னு 1960ல எழுதினாக. கிருமியில கூட வெள்ளைக்காரன் சரக்குதான் ஒஸ்தி, பாத்துக்கோ. ஆனா நான் சொல்ல வந்தது அதே நிலையம் 1959ல சொன்ன இன்னொண்ணு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல, நல்ல சாப்பாடு, ஓய்வுன்னு வச்சுப் பாத்த நோயாளியும், குடிசையில இருந்துக்கிட்டே மருந்து சாப்பிட்ட நோயாளியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் குணமானாக. மருந்தை ஒழுங்கா முழுங்கினா வீடே போதும்னு உலகத்துக்குச் சொன்னது சேத்துப்பட்டுதான். அதுக்கப்புறம்தான் ஊர் ஊருக்குச் சானிடோரியம் கட்டுற ஆசை குறைஞ்சது. நம்ம ஊர் மில்லுக்காரன் எத்தனை பேர் வீட்டுல இருந்தபடியே பிழைச்சான்னு எனக்குத் தெரியும். உன் எலிக்கும் அதேதான். ஏ.சி. ரூம் வேண்டாம், வேளை தவறாம மருந்து வேணும்.

ஏ.சி.ன்னதும் ஞாபகம் வருது. உன் எலியோட பூர்வீகம் தென்னமெரிக்காவுல ஆண்டிஸ் மலை, குளிர்காத்து. வேர்த்துச் சூட்டை இறக்க அதுக்குத் தெரியாது. முப்பது டிகிரிக்கு மேல போனா அது தவிக்க ஆரம்பிக்கும். உங்க ஊர்ச் சித்திரை வெயில் அதுக்குச் சாவுதான். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில வைக்காதே. தரைத்தளத்துல, காத்து வர்ற மூலையில வை, ஆனா ஃபேன் காத்து நேரா மூஞ்சியில அடிக்க வேண்டாம். ஈர மண்சட்டியைக் கவுத்து வச்சா அதோட ஒட்டிப் படுத்துக்கும். அந்த மலையில வைத்தியக்காரங்க என்ன பண்ணுவாக தெரியுமா? நோயாளி உடம்பு பூரா இந்த எலியை உயிரோட தடவி, அப்புறம் அதை அறுத்து உள்ளே பாத்து, "உனக்கு ஈரல்ல கோளாறு"ன்னு சொல்லுவாக. அங்க எலிதான் ஸ்கேன் மிசினு. மத்ததைப் பொரிச்சும் தின்னுருவாக. உன் வீட்டுல வந்து பிறந்ததுக்கு அது போன சென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கு, அதை நீ கேப்ஸ்யூல் குடுத்துக் கெடுத்துறாதே.

சாப்பாட்டுக்கு வருவோம். தானாத் தின்னலைன்னா நீதான் ஊட்டணும். அதுக்குன்னு விக்கிற தீவனத்தை வெந்நீர்ல ஊறப்போட்டு மசிச்சு, சிரிஞ்சுல வர்ற பதத்துக்குக் கரைச்சு, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 50 மில்லி உள்ளே போகணும். நடு ராத்திரியிலயும் எந்திரிக்கணும். உன் மகள் பச்சைப்பிள்ளையா இருந்தப்ப நீ எந்திரிச்சதில்லைன்னு உன் பொண்டாட்டி சொல்லியிருக்கா. இப்பவாவது எந்திரி. ஆனா வாயைத் திறந்து மூச்சு வாங்குற நிலைமையில ஊட்டாதே, அப்ப டாக்டர்தான் முதல்ல.

கூடவே வைட்டமின் சி. நாய், ஆடு, மாடு, தெருவுல ஓடுற எலி எல்லாம் இந்த வைட்டமினைத் தன் உடம்புலயே தயார் பண்ணிக்கும். முடியாததுகள்ல மனுசன், குரங்கு, உன் சீமை எலி எல்லாம் உண்டு. 1907ல நார்வேக்காரங்க ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிச்சும் கப்பல்காரங்களுக்கு வர்ற பெரிபெரி நோயைப் பத்திப் பாக்கத்தான் கினி பிக்குக்கு வெறும் தானியத்தைப் போட்டாக. பெரிபெரி வரல, பல்லு ஆடி ஈறு வீங்கி ஸ்கர்வி வந்துருச்சு. அந்த அகஸ்மாத்துலதான் வைட்டமின் சி ஆராய்ச்சியே சூடு பிடிச்சது. நோய் வந்த கினி பிக்குக்கு இது வழக்கத்தை விட அதிகமா வேணும். பத்தலைன்னா எந்த மருந்தும் சரியாப் பிடிக்காது. தண்ணிப் பாட்டில்ல மாத்திரையைக் கரைச்சு வச்சா வெளிச்சத்துல சத்துப் போயிரும், அது வீண். கொய்யாவுல ஒரு சின்னத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை குடு. பெரிய நெல்லிக்காயை நசுக்கிச் சாறு எடுத்து ரெண்டு சொட்டுத் தீவனத்துல கலந்து பாரு, மூஞ்சியைச் சுளிக்கும், உங்கப்பா வாய்தா வசூல்காரனைப் பாத்தா சுளிக்கிற மாதிரியே.

புல்லுதான் எல்லாத்துக்கும் மேல. பல்லு வாழ்நாள் பூரா வளர்ந்துக்கிட்டே இருக்கும், புல்லை அரைச்சு அரைச்சுத்தான் அது தேயணும். அருகம்புல் நல்லது, பிள்ளையாருக்குச் சாத்துற மாதிரி இருபத்தொண்ணு எண்ணிப் போடாதே, கூண்டு நிறையப் போடு. கண்மாய்க் கரையில ஆடு மாடு மேயுற இடத்துல அறுக்காதே, மருந்தடிச்ச தோட்டத்துலயும் அறுக்காதே. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனிக்குச் சத்துப் பத்தாது. குதிரைமசால் குட்டிக்கும் சினைக்கும் மட்டும்தான். வளர்ந்ததுக்கு அதைத் தினம் போட்டா சுண்ணாம்புச் சத்து கூடி மூத்திரத்துல கல்லு வரும்.

கூண்டுக்கு அடியில மரத்தூள் போட்டு வாரம் ஒருநா மாத்துறேன்னியே, அந்த மூத்திர நெடிதான் பாதிச் சளிக்குக் காரணம். தினம் மாத்து. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி சொந்தக்காரன் வீட்டுல சும்மா கிடைக்குதுன்னு அதை விரிச்சுராதே. நூல் பிரிஞ்சு நகத்துலயும் விரல்லயும் சுத்திக்கும், அப்புறம் பேண்டேஜுக்கே பேண்டேஜ் கட்டணும். பழைய பருத்தித் துண்டை மடிச்சு விரி. கம்பி வலைத் தரை வேண்டவே வேண்டாம், பாதம் புண்ணாகும்.

கழுத்துல நெல்லிக்காய் அளவு கட்டி வந்தா அது வேற கிருமி, நீயே ஊசியால குத்தாதே, டாக்டர் கீறிச் சீழை எடுப்பாக. உடம்புல வட்டமா மயிர் உதிர்ந்தா படர்தாமரை. உன் மகளுக்கும் ஒட்டும், அவ எடுத்துக் கொஞ்சுறதைக் கொஞ்ச நாள் நிறுத்து. அழுவா. ஒரு ராஜபாளையம் குட்டி தர்றேன்னு சொல்லிச் சமாதானம் பண்ணலாம்னு நினைக்காதே, நான் தர மாட்டேன். நாயும் எலியும் ஒரே வீட்டுலன்னா என்ன ஆகும்னுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

இன்னொண்ணு. "ஐநூறு ரூபா எலிக்கு ஆயிரத்து ஐநூறு செலவா"ன்னு உங்கப்பா கேட்டாராம். கேக்கட்டும். அவர் பம்பரம் விட்ட காலத்துல ஒரு கிளியைக் காப்பாத்த மதுரை வரைக்கும் நடந்த கதையை உங்கம்மாகிட்டக் கேளு. கேட்டுட்டு அவரு முன்னாடி சிரிக்காதே.

பிழைச்சிரும் மாப்ளே, நீ இந்த ராத்திரி தூங்காம இருந்தா. பிழைச்சதும் என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியும். "தனியா இருக்கு, பாவம்"னு ஜோடி வாங்கப் போவே. கூட்டமா வாழுற சாதிதான், தப்பில்ல. ஆனா புதுசை ரெண்டு மூணு வாரம் தனியறையில வச்சுப் பாத்துட்டு அப்புறம் சேத்து விடு. கடைக்காரன் "ரெண்டும் பெட்டை சார்"னு சத்தியம் பண்ணுவான், நம்பாதே, டாக்டர்கிட்டக் காட்டு. ஒரு மாசக் குட்டியே பருவத்துக்கு வந்துரும். சுமார் 65, 70 நாள்ல கண்ணைத் திறந்துக்கிட்டு, மயிரோட, பல்லோட நாலு குட்டி விழும், விழுந்த அன்னைக்கே ஓடும். பெட்டைக்கு ஏழு மாசம் தாண்டி முதல் பிரசவம்னா இடுப்பெலும்பு இறுகிப்போய்க் குட்டி வெளியே வராது, ஆபரேசன்தான். அன்னைக்கு ராத்திரி போன் போட்டு, "மாமா, சீர் கொண்டு வாங்க"ன்னு நிக்காதே. நான் உனக்குத்தான் தாய்மாமன், உன் எலிக்கு இல்ல. வேணும்னா ஒரு கட்டு அருகம்புல் குடுத்து விடுறேன், என் நாய் கால் வைக்காத வரப்புல அறுத்தது. பஸ்ல ஏத்தி விடுறேன், ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கோ. வரும்போது கால் கிலோ பால்கோவா கொண்டா, எனக்குத்தான்.